யாருடைய ஆள்?

நான் சிறுவனாக இருந்தபோது, பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலையாட்களை ஏற்றிவந்த லாரி வாய்க்காலில் சரிந்தது. எங்கள் லயத்து அத்தை ஒருவருக்குக் கால் முறிந்தது. "டிரைவர் பண்ணின தப்புக்குத் தோட்டம் என்ன செய்யும்?" என்றார் கிராணி. லயத்தில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. சட்டத்தில் பதில் இருந்தது: தான் கொடுத்த வேலையின்போது தன் ஆள் செய்யும் தவறுக்கு முதலாளியும் பொறுப்பு.

இந்தியா இதை ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து எடுத்தது. இலங்கை தன் ரோமன்-டச்சுச் சட்டத்தின் மேல் அதே கொள்கையை ஏற்றிக்கொண்டது. தனியார் முதலாளி விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. அரசாங்கமே முதலாளியாகும்போதுதான் வழி பிரிகிறது.

ராஜஸ்தானில் அரசு ஜீப் ஒன்று, பட்டறையிலிருந்து திரும்புகையில் நடந்துபோனவரை மோதிக் கொன்றது. அரசுதான் இழப்பீடு தர வேண்டும் என்று 1962-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் மீரட்டில் போலீஸ் பறிமுதல் செய்த தங்கத்தோடு தலைமைக் காவலர் பாகிஸ்தானுக்கு ஓடிய வழக்கில், அது இறையாண்மைக்குரிய பணி, அரசு பொறுப்பல்ல என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தப் பாகுபாடு அநியாயம் என்றே நான் கருதுகிறேன். இலங்கையிலோ அரசின் மீது இத்தகைய வழக்கே போட முடியாதிருந்தது. 1969-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கச் சட்டம்தான் கதவைத் திறந்தது. மலாயாவில் மெர்டேகாவுக்கு முன்பே, 1956-இல், அதற்குச் சட்டம் வந்துவிட்டது.

வேண்டுமென்றே செய்த குற்றத்துக்கும் முதலாளி பொறுப்பா? பஸ் கண்டக்டர் பயணியை அடித்த சிங்கப்பூர் வழக்கில், 1974-இல், கம்பெனி தப்பித்தது. ஆனால் பினாங்கில் 2016-இல் ஒரு மெய்க்காவலர் வழியில் நின்றவர்களைச் சுட்ட வழக்கில், அவரை வேலைக்கு வைத்த பாதுகாப்பு நிறுவனமே பொறுப்பு என்று 2022-இல் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துப்பாக்கியை அவர் கையில் கொடுத்தது நிறுவனம் அல்லவா?

தோட்டத்துக்குப் பழைய ஒளிவிடம் ஒன்று உண்டு: கங்காணி. இலங்கையில் ஆளைக் கடனில் கட்டிவைத்தவன் கங்காணி. கடனைத் தீர்த்தால் ஆளை விடுகிறேன் என்று எழுதிய 'துண்டு' துரையுடையது. கங்காணி வேறு, தோட்டம் வேறு என்று அதன்பின் எப்படிச் சொல்வது? 1921-இல் துண்டு ஒழிந்தது.

இன்று சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் கங்காணியின் இடத்தில் காண்ட்ராக்டர் நிற்கிறார். காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால், பாக்கி முழுவதையும் முதன்மை முதலாளியே தர வேண்டும் என்றது இந்தியாவின் 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், 33-ஆம் பிரிவில், தொடர்ந்த மூன்று மாதச் சம்பளத்தோடு அந்தப் பொறுப்பை நிறுத்திவிடுகிறது. இந்திய விதியே நியாயமானது; இங்கும் அதுவே வர வேண்டும்.

அதுவரை, காண்ட்ராக்டரின் கீழ் வேலை பார்ப்பவர்களே, எந்தத் தோட்டத்தில், எந்தத் தேதியில் வேலை செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள். சம்பளம் நின்றால் தொழிலாளர் இலாகாவுக்கு உடனே போங்கள். முதன்மை முதலாளிமீது புகார் செய்யப் பொதுவாக 90 நாள்தான் அவகாசம்.