திரைக்குத் தெரியாத மருந்து

மருத்துவர் கணினியில் மருந்தைப் பதியும்போதே, அது நோயாளிக்கு ஒவ்வாது என்றோ வேறொரு மருந்தோடு மோதும் என்றோ திரை எச்சரிக்கிறது. மருத்துவ முடிவுத் துணை எனப்படும் இந்த ஏற்பாட்டுக்கு மலேசியா புதிதல்ல. காகிதமில்லாத செலாயாங் மருத்துவமனை 1999இலேயே திறக்கப்பட்டது. மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் தமிழர்களுக்கு இத்துணை மிகவும் தேவை. ஆனால் பதிவேடுகள் சிதறிக் கிடக்கும்வரை அது அவர்களை அரைகுறையாகவே காக்கும்.

தேவைக்குக் காரணம் இனிப்புநீர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. சிறுநீரகம் தளரத் தளர, இந்நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும், ஒரு கட்டத்தில் நிறுத்தியே ஆகவேண்டும். கூட்டம் நெரியும் அரசு கிளினிக்கில், மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் சூழலில், இதை மறக்காமல் நினைவூட்டக் கணினியால் முடியும். இத்தகைய துணை ஏற்பாடுகள் பற்றிய 70 ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளிவந்த ஆய்வுரை ஒன்று, அவற்றில் 68 விழுக்காட்டில் சிகிச்சை மேம்பட்டதாகக் கண்டது. முடிவெடுக்கும் நேரத்தில், கேட்காமலேயே வந்த அறிவுரைதான் அதிகம் பலித்தது.

குறை எங்கே? செம்பனைக் குலை வெட்டி முழங்கால் தேய்ந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்காக அரசு கிளினிக் பெரிண்டோபிரிலும் சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் தருகிறது. வலி தாளாமல் தனியார் கிளினிக்குக்குப் போனால் டைக்ளோஃபெனாக் கிடைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். இரு கிளினிக்குகளின் பதிவுகளும் இணையாவிட்டால் எந்தத் திரையும் எச்சரிக்காது. கிளினிக்குக்கு வெளியே வாங்கும் மருந்தும் திரைக்குத் தெரியாது. பதிவு பெறாத மூலிகை மருந்துகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்ததை மலேசிய அதிகாரிகள் கண்டறிந்துள்ளனர். அது இரத்தச் சர்க்கரையை ஏற்றும். அதை அறியாத கணினி, இன்சுலினைக் கூட்டும்படி பரிந்துரைக்கக்கூடும். அறியாமையிலிருந்து பிறந்த அறிவுரையும் அதே உறுதியோடுதான் திரையில் தோன்றுகிறது.

இன்னொரு குறை, எச்சரிக்கை மிகுவது. மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை மருத்துவர்கள் தள்ளிவிடுவதாக 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அற்பமானவை குவியும்போது உயிர் காக்கும் ஒன்றும் அவற்றோடு போய்விடும்.

அளவுகோலும் முக்கியம். 165 சென்டிமீட்டர் உயரமும் 65 கிலோ எடையும் உள்ளவரின் உடல் நிறை எண் ஏறக்குறைய 24. எல்லையை 25 என வைத்த மென்பொருள் அவரை இயல்பானவர் என்னும். ஆசியர்களுக்கு உலகச் சுகாதார நிறுவன வல்லுநர்கள் சுட்டிய 23ஐ வைத்தால், இனிப்புநீர் ஆபத்தை முன்கூட்டியே கவனிக்க வேண்டியவர் அவர்.

ஆகவே இந்த ஏற்பாட்டைக் கைவிடச் சொல்லவில்லை; வேலையின் வரிசையை மாற்றச் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் மின்பதிவேடு என்பது 2023இன் சுகாதார வெள்ளை அறிக்கை தந்த வாக்குறுதி. தனியார் கிளினிக்குகளையும் மருந்துக் கடைகளையும் அதில் இணைப்பதே முதல் வேலை. கடும் ஆபத்தை உணர்த்தும் எச்சரிக்கை மட்டுமே மருத்துவரை இடைமறிக்க வேண்டும். "வேறு எங்கே மருந்து வாங்குகிறீர்கள்?" என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் கேட்டுப் பதிவது கட்டாயமாக வேண்டும். இவற்றைச் செய்யாமல் புதுப்புது மென்பொருளுக்குப் பணம் கொட்டினால், நோய்ச்சுமை மிகுந்தவர்களுக்கே பாதுகாப்பு குறைவாகச் சேரும்.