சைத்ரமும் சித்திரையும்: ஒரு தமிழாக்கச் சிக்கல்

வடமொழி விரத நூல்களைத் தமிழாக்குவோர் சிலர் ‘சைத்ரம்’ என்பதைச் ‘சித்திரை’ என்றே பெயர்க்கின்றனர். இரண்டும் சித்திரை நாண்மீனால் பெயர்பெற்றவை, எனினும் ஒன்றல்ல. சைத்ரம் நிலவின் வளர்பிறை தேய்பிறைகளால் அளக்கப்படும் மாதம். தமிழ்ச் சித்திரையோ ஞாயிறு மேட இராசியில் புகுவதோடு தொடங்குவது. சைத்ர வளர்பிறை ஒன்பதாம் நாளாகிய இராம நவமி 2023இல் மார்ச் 30 அன்று, பங்குனியில் வந்தது. 2024இல் ஏப்ரல் 17 அன்று, சித்திரையில் வந்தது. இடையே 2023இல் ஓர் அதிக மாதம் சேர்ந்தமையே இதற்குக் காரணம்.

சைத்ரத்தின் எல்லையும் எங்கும் ஒன்றன்று. பாபமோசனி ஏகாதசியை, பௌர்ணமியில் மாதத்தை முடிக்கும் வட இந்திய வழக்கு சைத்ரத்தில் வைக்கிறது. அமாவாசையில் முடிக்கும் மராட்டிய, தெலுங்கு வழக்குகள் பால்குனத்தில் வைக்கின்றன. நோன்பு நாள் மட்டும் ஒன்றே.

இவ்வேறுபாடுகளை மறைக்கும் தமிழாக்கத்தைச் சான்றாகக் கொண்டு ஒரு விழாவின் காலத்தைக் கணிக்கும் ஆய்வு, ஒரு மாதம் வரை பிழைபடக்கூடும். ஆகவே மூலத்தின் மாதப் பெயரை அவ்வாறே எழுதி, பிறையையும் திதியையும், மாதம் முடியும் முறையையும் உடன் சுட்டுதலே தக்கது.