அருவாளும் ஒரு நோட்டும்

லப்பைக்குடிக்காட்டில் சோளத்தட்டை வெட்ட அருவாள் வாங்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். 'பேரு, விலாசம், எதுக்கு?' பட்டறைக்காரர் எழுதிக்கொள்ள வேண்டும். 2021 செப்டம்பரில் தமிழகப் போலீஸ் போட்ட உத்தரவு அது.

ஆயுத விதிகளில், 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டிய கத்தி ஆயுதம். விவசாயத்துக்கென்றே செய்ததற்கு விலக்கு. நம்ம அருவாளோ வயலுக்கும் போகும், வம்புக்கும் போகும்!

இங்கிலாந்தில், சின்ன மடக்குக்கத்தி தவிர எதையும் பொது இடத்தில் வைத்திருந்தால், தகுந்த காரணம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் 4 ஆண்டு வரை சிறை. கேள்வி, கத்தியோடு நிற்பவரிடம்.

நாம் கொல்லரிடம் கேட்கிறோம். வெட்டப் போகிறவன் 'வெட்டத்தான்' என்றா எழுதித் தருவான்? கொலைக்கு அப்புறம் துப்புத் துலக்க அந்த நோட்டு உதவலாம். கொலையைத் தடுக்குமா, சொல்லுங்கள்?