சுண்டெலியின் சாட்சியம்

உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே உடலைத் தாக்குவது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சுண்டெலியையே சாட்சிக் கூண்டில் ஏற்றி வருகின்றனர். அச்சாட்சியத்தை எவ்வளவுக்கு ஏற்கலாம் என்பதே ஈண்டு நம் ஆய்வு.

'நாட்' எனப்படும் இனத்தை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் ஷியோனோகி ஆய்வுக்கூடத்தில் மகினோவும் குழுவினரும் வளர்த்து, 1980-இல் அறிவித்த எலி இது. பிறந்த சில வாரங்களிலேயே வெள்ளணுக்கள் இதன் கணையத் திட்டுகளைச் சூழ்கின்றன. பின்னர் டி அணுக்கள் உட்புகுந்து, இன்சுலின் சுரக்கும் பீட்டா அணுக்களை அழிக்கின்றன. மற்ற எலிகளில் இத்தகைய அணுக்கள் பெரும்பாலும் தைமஸ் சுரப்பியிலேயே ஒழிக்கப்படும். தப்பியவற்றை அடக்கக் கட்டுப்பாட்டு அணுக்களும் உண்டு. நாட் எலியில் இவ்விரு காவலும் தளர்ந்துள்ளன.

இவ்வளவும் உண்மை. ஆனால் எலியிற் கண்டதை அப்படியே மனிதனுக்குப் பொருத்துவதுதான் பிழை. நூற்றுக்கு மேற்பட்ட வழிகளில் இவ்வெலியின் நீரிழிவைத் தடுத்திருக்கின்றனர். இன்சுலினை வாய்வழி ஊட்டியே தடுத்தனர்! அதே முறையை நோய் வரக்கூடிய மனிதரிடம் சோதித்து 2005-இல் முடிவை வெளியிட்டபோது, மொத்தத்தில் பயன் காணப்படவில்லை.

காரணம் தேடத் தொலைவு போக வேண்டியதில்லை. நாட் எலிகள் உடன்பிறப்புகளைக் கூட்டி வளர்த்த ஒரே மரபின. ஆயிரம் எலிகளைச் சோதிப்பது ஒரே ஆளை ஆயிரம் முறை கேட்பதற்கு ஒப்பு. பெண் எலிகளே மிகுதியாக நோயுறுகின்றன. மனிதரில் அவ்வேற்றுமை அவ்வளவாக இல்லை. எலியின் கணையத் திட்டுகளில் வெள்ளணுக்கள் திரளாய்க் குவிகின்றன. மனிதக் கணையத்திலோ அவை சிலவே. இன்னுமொரு வேடிக்கை: கூண்டு தூய்மையாக இருந்தால் நோய் மிகுகிறது! கூண்டின் துப்புரவைச் சொல்லாத ஆய்வுக் கட்டுரையை எப்படி எடைபோடுவது?

ஆயின், எலியே வேண்டாமென்பாருடனும் எனக்கு உடன்பாடில்லை. நோய் வருமுன் இளம் எலிக்கு மருந்தூட்டி வெற்றி முழக்கியோர் பலர். 1994-இல் பிரான்சில் லூசியென் ஷாத்தனூ குழுவினரோ, நோய் வந்துவிட்ட எலிகளுக்கே டி அணுக்களின் சிடி3 பகுதியைப் பற்றும் எதிர்ப்பொருளைச் சில நாள் கொடுத்து மீட்டனர். அதே வகையைச் சேர்ந்த டெப்லிசுமாப் என்ற மருந்து, நோய் வரக்கூடிய மனிதரில் அதனை ஏறத்தாழ இரண்டாண்டு தள்ளிப்போட்டதை 2019-இல் வெளியான சோதனை காட்டிற்று. 2022-இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்சுலின் ஊசியில்லாத இரண்டாண்டு சிறிதன்று.