ஊரான் பிள்ளை

வீரர் பரிமாற்றச் சந்தை மூடும் வாரத்தில் ஆண்டுதோறும் இந்த விவாதம் வந்துவிடும். பெரிய கால்பந்து கிளப்புகள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களை டஜன் கணக்கில் லோனில், அதாவது வேறு கிளப்புகளுக்கு இரவலாக, அனுப்புகின்றனவே என்று யாராவது முணுமுணுத்தால் போதும், "ஹாரி கேன் லோனில் போகவில்லையா?" என்று உடனே மடக்குவார்கள். கூடவே பெக்காம் பிரஸ்டனுக்குப் போன கதை, கூர்த்துவா அத்லெடிகோவில் கழித்த மூன்று சீசன்கள், அண்மைக் காலச் சேர்க்கையாக ஆர்சனல் கேப்டன் ஓடெகார்ட். பட்டியல் பளபளப்பாகத்தான் இருக்கிறது.

லோனால் பயனே இல்லை என்பதல்ல என் கட்சி. இளையோர் லீக்கில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடுவதைவிட, அடுத்த ஆண்டு சம்பளம் நிச்சயமில்லாத முப்பது வயதுத் தடுப்பாட்டக்காரரிடம் முழங்கை இடி வாங்குவது நல்ல படிப்பு. வில்ஷியருக்கு 2010இல் போல்ட்டனில் கிடைத்த சில மாதங்கள் வீண்போகவில்லை. ஒரே இடத்துக்கு இருவர் மோதும் கோல்கீப்பர்களுக்கு வேறு வழியும் கிடையாது. இவ்வளவும் சரி.

சிக்கல் வேறிடத்தில். லோனில் இருக்கும் பையனின் வளர்ச்சிக்கு யார் பொறுப்பு? ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அந்தப் பழமொழியை நம்பி வேலை பார்க்கும் கால்பந்து மேனேஜரை நான் இன்னும் பார்க்கவில்லை. அவருக்குச் சனிக்கிழமை மூன்று புள்ளி வேண்டும்; நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அவர் வேலையே போய்விடும். மே மாதம் மூட்டை கட்டப்போகிற பையனின் இடது காலைச் சீர்படுத்த அவர் ஏன் ஆறு வாரம் செலவிட வேண்டும்? பையன் நன்றாக ஆடினால் லாபம் சொந்த கிளப்புக்கு. மோசமாக ஆடினால் பெஞ்ச். சொந்த கிளப்போ பத்து நாளைக்கு ஒரு முறை ஆளனுப்பி அறிக்கை வாங்கிக்கொள்கிறது. பிரீமியர் லீக் விதியைப் பாருங்கள்: அங்கேயே வேறொரு கிளப்புக்கு லோனில் போனவன், தன் சொந்த கிளப்புக்கு எதிரான ஆட்டத்தில் இறங்க முடியாது. அவன் தேறிவிட்டானா என்று பார்க்க அதைவிட நல்ல நாள் வேறு உண்டா? அன்றைக்குத்தான் அவன் கோட் போட்டுக்கொண்டு கேலரியில் உட்கார்ந்திருக்கிறான்.

பேட்ரிக் பாம்ஃபோர்டை எடுத்துக்கொள்வோம். 2012 ஜனவரியில், பதினெட்டு வயதில், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிலிருந்து செல்சிக்கு வந்தார். எம்.கே. டான்ஸ், டெர்பி என்று சுற்றிவிட்டு 2014-15 சீசனில் மிடில்ஸ்பரோவுக்குப் போனார். லீக்கில் 17 கோல், சாம்பியன்ஷிப்பின் சிறந்த வீரர் விருது. லோன் முறையின் தர்க்கப்படி அடுத்து நடக்க வேண்டியது என்ன? செல்சியின் முதல் அணியில் ஒரு வாய்ப்பு. நடந்தது என்ன? கிரிஸ்டல் பேலஸ், நாரிச், பர்ன்லி. ஒன்றரை ஆண்டில் மூன்று பிரீமியர் லீக் கிளப்புகள், பெரும்பாலும் மாற்று வீரராகச் சில நிமிடங்கள், ஒரு லீக் கோல் கூட இல்லை. செல்சிக்காக ஒரே ஒரு போட்டியும் ஆடாமல் 2017இல் விற்கப்பட்டார். அதன்பின் லீட்ஸ் அவரை விலை கொடுத்து வாங்கியது. அங்கே மார்செலோ பியெல்சா, அவர் எளிய வாய்ப்புகளைத் தவறவிட்டு ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்ட நாட்களிலும், வாராவாரம் இறக்கினார். 2020-21இல் அதே பிரீமியர் லீக்கில் 17 கோல். அப்போது வயது இருபத்தேழு. கால் அதேதான், இம்முறை அவர் வீணானால் நஷ்டம் லீட்ஸுக்கு.

சரி, கேன்? நாரிச்சில் காயம், சொற்ப ஆட்டங்கள். லெஸ்டரில் இரண்டு கோல். 2013 பிளே-ஆஃப் அரையிறுதியில் பெஞ்ச், பக்கத்தில் ஜேமி வார்டி. அந்த லோன்களின் அடிப்படையில் முடிவெடுத்திருந்தால் டாட்டன்ஹாம் அவரை விற்றிருக்கும். அங்கே வாங்கிப்போட்ட ஸ்ட்ரைக்கர்கள் சொதப்பினார்கள், கதவு திறந்தது, சொந்த கிளப்பில் அவர் கேன் ஆனார்.

ஓடெகார்டின் கதை இன்னும் கசப்பானது. பதினாறு வயதில் ரியல் மாட்ரிட். பிறகு ஹீரன்வீன், விட்டெஸ், ரியல் சோசியதாத். சோசியதாத்தில் பூத்தார், 2020 பிப்ரவரியில் பெர்னபியூவிலேயே மாட்ரிட்டுக்கு எதிராகக் கோல் போட்டு, கோப்பைக் காலிறுதியில் அவர்களை வெளியேற்ற உதவினார். இரண்டாம் ஆண்டும் அங்கேயே இருப்பார் என்றுதான் எதிர்பார்ப்பு. மாட்ரிட் திருப்பி அழைத்துக்கொண்டது, அழைத்தபின் ஆடவிடவில்லை. 2021 ஏப்ரலுக்குத் தள்ளிப்போன அந்தக் கோப்பை இறுதியாட்டத்தில் சோசியதாத் வென்றபோது அவர் லண்டனில், இன்னொரு லோனில். ஆர்சனல் அவரை வாங்கிய பிறகே அந்த ஊசலாட்டம் நின்றது. இவரை லோனின் வெற்றி என்று காட்டுகிறவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

மேசன் மவுண்ட், தமோரி பெயர்களையும் சொல்வார்கள். இருவரும் 2018-19இல் டெர்பியில் லோனில் இருந்தார்கள். அங்கே மேனேஜர் ஃபிராங்க் லாம்பார்ட். அந்த லாம்பார்டே அடுத்த ஆண்டு செல்சிக்கு மேனேஜராக வந்தார். அதே கோடையில் வீரர்களை வாங்க ஃபிஃபா செல்சிக்குத் தடை விதித்திருந்தது. காரணம், வெளிநாட்டுச் சிறுவர்களைச் சேர்த்ததில் விதிமீறல். கடன் வாங்கியவரே முதலாளி வீட்டுக்கு வந்தார், கடையும் மூடியிருந்தது. பையன்கள் உள்ளே வந்தார்கள். இந்த இரண்டு விபத்துகளையும் ஒரு கொள்கை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. 2021இல் போர்ட்டோவில் சாம்பியன்ஸ் லீக்கை வென்ற கோலுக்குப் பந்து கொடுத்த அதே மவுண்டை இரண்டே ஆண்டில் மான்செஸ்டர் யுனைடெடுக்கு விற்றார்கள்.

ஏன் விற்றார்கள் என்பதில்தான் லோன் முறையின் உண்மை முகம் தெரிகிறது. வெளியிலிருந்து வாங்கிய வீரரின் விலை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பங்கிட்டுக் கணக்கில் நிற்கும். அகாடமியில் வளர்ந்தவனுக்குக் கணக்கேட்டில் விலை சுழியம். விற்றால் வருவது முழுக்க லாபம். சார்ல்டன், ஸ்வான்சி, வெஸ்ட் பிராம், பேலஸ் என்று நான்கு இடம் சுற்றி, திரும்பிவந்து செல்சிக்கே பல ஆட்டங்களில் கேப்டனாக இருந்த கானர் கேலகரும் 2024இல் அத்லெடிகோவுக்குப் போனார். லோன், பல பையன்களுக்கு, விலை ஏற்றுவதற்கான கண்ணாடி அலமாரி. ஒரு காலத்தில் செல்சியிடமிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே சீசனில் வெளியே இருந்தார்கள். மடேய் டெலாச் என்ற குரோஷிய கோல்கீப்பர் 2018இல் வெளியேறியபோது கிளப்பின் மூத்த உறுப்பினர் அவரே; முதல் அணிக்காக ஆடிய ஆட்டங்கள், பூஜ்யம்.

ஆனாலும் வேறு பாதை உண்டென்று பையன்களே காட்டிவிட்டார்கள். ஜேடன் சாஞ்சோ 2017இல் மான்செஸ்டர் சிட்டியை விட்டு டார்ட்மண்டுக்குப் போனபோது வயது பதினேழு. ஜமால் முசியாலா 2019இல் செல்சியை விட்டு பாயர்னுக்குப் போனார். பெல்லிங்ஹாம் பர்மிங்ஹாமிலிருந்து நேரே டார்ட்மண்ட். மூவரையும் வாங்கிய கிளப்புகளுக்கு அவர்களை ஆடவைத்தே தீர வேண்டிய தேவை இருந்தது. சாஞ்சோவின் பிற்காலம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, தெரியும். ஆனால் இருபது வயதுக்குள் அவர் ஆடிய ஆட்டங்களை எந்த லோனும் தந்திருக்காது.

ஃபிஃபா 2022இல் விழித்துக்கொண்டது. ஒரு கிளப் வெளிநாடுகளுக்கு அனுப்பக்கூடிய லோன் வீரர்களின் எண்ணிக்கையை முதலில் எட்டாகவும், 2024 ஜூலை முதல் ஆறாகவும் குறைத்தது. நல்லதுதான். ஆனால் இருபத்தோரு வயது வரையிலான வீரர்களும், கிளப்பே வளர்த்தவர்களும் அந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். பாதுகாப்பு யாருக்குத் தேவையோ அவர்களை மட்டும் குறிபார்த்து வெளியே நிறுத்திய விதி இது. அந்த விதிவிலக்கை ஃபிஃபா நீக்க வேண்டும். குறைந்தது, இரவல் வாங்கும் கிளப்புக்கு வாங்கும் உரிமை இல்லாத லோன் எதுவும் இருபத்தோரு வயதுக்குட்பட்டவனுக்குச் செல்லாது என்றாவது எழுத வேண்டும்.