சூரியனை அணைப்பது எப்படி?

பகலில் எடுத்த போட்டோவை ராத்திரியாக மாற்றுவது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபோட்டோஷாப்பில் திற, வெளிச்சத்தைக் குறை, கொஞ்சம் நீலம் தடவு, மூலையில் ஒரு நிலாவை ஒட்டு. முடிந்தது. இப்போது அந்தச் சிரமமும் இல்லை; செல்போனில் ஒரு தட்டு தட்டினால் போதும். ஆனால், கிடைப்பது பெரும்பாலும் ராத்திரி இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்த மத்தியானம்.

காட்டிக்கொடுப்பது முதலில் நிழல். உச்சி வெயிலின் நிழல் காலடியில் குட்டையாகச் சுருண்டு கிடக்கும். ஒட்டின நிலாவோ அடிவானத்தில் இருக்கும். அப்படியென்றால் நிழல் நீளமாக, நிலாவுக்கு எதிர்ப்பக்கம் விழவேண்டாமா? அடுத்தது விளக்கு. தெரு முழுக்க வீடுகள், ஒரு ஜன்னலில்கூட வெளிச்சம் இல்லை. ஊரே காலி பண்ணிக்கொண்டு போய்விட்டதா? மூன்றாவது நிறம். அத்தனை இருட்டிலும் சிவப்புப் புடவை பளிச்சென்று சிவப்பாகவே இருக்கும்.

இதில் கொஞ்சம் விஞ்ஞானம் இருக்கிறது. நம் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். மங்கலில் பார்க்கும் கோல் செல்கள் சுமார் 12 கோடி. இருட்டத் தொடங்கியதும் கூம்புகள் ஓய்வெடுக்க, கோல்கள் டூட்டிக்கு வருகின்றன. இவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. அதிலும் சிவப்பென்றால் ஏறக்குறைய குருடு. அந்தி மயங்கும்போது தோட்டத்தில் நின்று பாருங்கள். செம்பருத்திப் பூ கறுத்துப்போன பிறகும் அதன் இலைகள் கொஞ்ச நேரம் தெரியும். இதைக் கவனித்துச் சொன்னவர் புர்க்கின்யே என்கிற செக் விஞ்ஞானி, 1825-ல்.

அப்படியானால் சினிமாவில் காட்டுகிற நீல நிலவொளி? நிலா வெளிச்சம் நீலமே இல்லை. வெயில்தான் நிலாவில் பட்டுத் திரும்பி வருகிறது. கருவி வைத்து அளந்தால் வெயிலைவிட ஒரு சிட்டிகை மஞ்சள் பக்கமே சாய்ந்திருக்கும். அளவு மட்டும் சுமார் நாலு லட்சத்தில் ஒரு பங்கு. நீலம் என்பது கண்ணும் சினிமாவும் சேர்ந்து பண்ணிக்கொண்ட ஒப்பந்தம். நாமும் டிக்கெட் வாங்கி அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

ராத்திரி ஷூட்டிங் என்றால் ஜெனரேட்டர், பெரிய விளக்குகள், கூடுதல் பேட்டா. அதனால் பகலிலேயே ராத்திரியை எடுக்கும் தந்திரத்தை ஹாலிவுட் நிறையப் பயன்படுத்தியது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘அமெரிக்க இரவு’. அதையே தலைப்பாக்கி த்ரூஃபோ 1973-ல் ஒரு படம் எடுத்து ஆஸ்கர் வாங்கினார். அந்தக் காலத்துச் செய்முறை, ஃபிலிமில் வெளிச்சத்தைக் குறைத்துப் பதிவு செய்வது. ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ (2015) படத்தில் தலைகீழாகச் செய்தார்கள். நமீபியப் பாலைவனத்தின் பட்டப்பகலை வேண்டுமென்றே அதிக வெளிச்சத்தில் பதிவு செய்து, பிறகு கம்ப்யூட்டரில் இறக்கி நீலமாக்கினார்கள். நிழலுக்குள் இருக்கிற விவரம் தொலையாது என்பது லாபம். ‘நோப்’ (2022) படத்தில் ஒரே காட்சியை ஃபிலிம் கேமராவும் அகச்சிவப்புக் கேமராவும் சேர்ந்து பார்த்தன. அகச்சிவப்பில் நீலவானம் தானாகவே கறுத்துவிடும். விளக்கு வைத்து எடுத்த ராத்திரியில் விளக்கு எட்டுகிற தூரம்தான் தெரியும். ‘நோப்’பின் ராத்திரியில் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது, நாம் இருட்டுக்குக் கண் பழகி நின்றால் தெரிகிற மாதிரி. என் பார்வையில், கண்ணுக்கு நியாயம் செய்த பொய் ராத்திரி இதுதான். ‘ஃப்யூரி ரோட்’டின் ராத்திரி அழகு, ஆனால் அது காமிக்ஸ் புத்தகத்தின் ராத்திரி.

கம்ப்யூட்டருக்கு வெகுகாலம் முன்பே இந்த வேலையை இருட்டறையில் செய்து காட்டியவர் ஆன்செல் ஆடம்ஸ். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்கிற கிராமத்தின் மேல் நிலா எழும் அவருடைய கறுப்பு வெள்ளைப் படம் உலகப் பிரசித்தம். கன்னங்கரேலென்று வானம், ஒரு சின்ன நிலா, கீழே கல்லறைத் தோட்டத்தில் வெள்ளை வெளேரென்று சிலுவைகள். நள்ளிரவு அமைதி.

எடுத்த தேதி ஆடம்ஸுக்கே ஞாபகம் இல்லை. நிலாவின் இடத்தை வைத்து வானியல்காரர்கள் பின்னால் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம். டிபன் காபி நேரம்! நெகட்டிவில் வானம் வெளிறித்தான் இருக்கிறது. வருஷம் போகப் போக, பிரின்ட்டுக்கு பிரின்ட் அவர் வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே போனார்.

இப்போது அந்தச் சிலுவைகளைப் பாருங்கள். நிலா அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால், நம்மைப் பார்க்கிற முகம் பளபளக்கிறது. நிலாவால் அது முடியாது. கேமராவுக்குப் பின்னால், மேற்கே விழுந்துகொண்டிருந்த சூரியனின் கடைசி வெயில் அது. சாட்சி படத்துக்குள்ளேயே இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. அந்த வெயில் போய்விடுமே என்று அவசர அவசரமாக எடுத்த கதையை ஆடம்ஸே எழுதியிருக்கிறார். அதனால் இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். வானம் கறுக்கக் கறுக்க அந்தக் கிராமம் சின்னதாகிறது, சிலுவைகள் தனியாகின்றன. இருட்டுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது.

எல்லா இருட்டும் அப்படி இல்லை. 1994 ஜூனில் ஓ.ஜே. சிம்ப்ஸன் கொலை வழக்கில் கைதானபோது, போலீஸ் எடுத்த அதே போட்டோவை ‘டைம்’, ‘நியூஸ்வீக்’ இரண்டுமே அட்டையில் போட்டன. நியூஸ்வீக் உள்ளபடி போட்டது. டைம் அட்டையில் முகம் கறுத்து, ஓரங்கள் இருண்டிருந்தன. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கியபோது குட்டு வெளிப்பட்டது. விசாரணை தொடங்கும் முன்பே ஒரு கறுப்பின மனிதரின் முகத்தை இன்னும் கறுப்பாக்கி, குற்றவாளிக் களை ஏற்றிவிட்டார்கள் என்று கண்டனம் எழுந்தது. ஆசிரியர் அடுத்த இதழில் விளக்கம் சொல்லவேண்டி வந்தது.

ஆடம்ஸ் செய்ததும் டைம் செய்ததும் தொழில்நுட்பத்தில் ஒன்றுதான்: கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைத்தார்கள். அவர் குறைத்தது ஒரு வானத்தை, இவர்கள் குறைத்தது ஒரு மனிதனை. கலை என்று தெரிந்து பார்க்கிறவன் இருட்டுக்குச் சம்மதித்துத்தான் பார்க்கிறான். செய்தி என்று நம்பிக் காசு கொடுத்தவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இனி ஒரு ராத்திரிப் படம் கண்ணில் பட்டால், நிலாவை ரசிப்பதற்கு முன் நிழலைப் பாருங்கள். நிலா சொல்வதை நிழல் மறுத்தால், யாரோ சூரியனை அணைத்திருக்கிறார்கள். அணைத்தது தப்பில்லை. நமக்கு எதைக் காட்டுவதற்காக அணைத்தார்கள், எதை மறைப்பதற்காக என்பதை மட்டும் கேட்டுவிடுங்கள்.