புலமையும் பொதுப்பணியும்: போயரின் நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

பல்கலைக்கழகம் பொதுமக்களுக்குப் பயன்படல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். பட்டமளிப்பு விழாப் பேருரைகளில் அக்கருத்து ஆண்டுதோறும் ஒலிக்கின்றது. ஆயின், அவ்வுரையைக் கேட்டு எழுந்து செல்லும் இளம் விரிவுரையாளர், மறுநாள் தமது தகுதிகாண் கால விதிகளைப் புரட்டிப் பார்க்குமிடத்துக் காண்பது வேறு. ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை, அவை எவ்வெவ் வெளியீடுகளில் வந்தன என்பனவே ஆங்கு முதன்மை பெறும் வினாக்கள். பேருரை ஒன்றைப் போற்ற, விதி பிறிதொன்றை எண்ணுமாயின், மனிதர் விதியின் வழியே செல்வர். இம்முரணை நேர்நின்று நோக்கிய நூல்களுள், அமெரிக்கக் கல்வியாளர் ஏணஸ்ட் போயர் 1990 ஆம் ஆண்டில் வெளியிட்ட, ‘புலமையை மீள நோக்கல்’ எனப் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூல் குறிப்பிடத்தக்கது.

போயர் நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிருவாகத் தலைவராக இருந்தவர். ஜனாதிபதி காட்டர் காலத்திற் கல்வி ஆணையாளராகவும், பின்னர்க் காணெகி கல்வி மன்றத்தின் தலைவராகவும் பணியாற்றியவர். நியமனக் கோவைகளின் இயல்பை அவர் நன்கறிவார். அதனாலேயே, பொதுப்பணியை ஓர் அறமாக எடுத்துரைத்து அவர் அமையவில்லை. எதற்குப் பதவியுயர்வு அளிக்கப்படுகின்றது என்ற இடத்திலே கைவைத்தார். 1862 ஆம் ஆண்டின் நிலக்கொடைச் சட்டத்தாற் கிளைத்த அமெரிக்கக் கல்லூரிகள் உழவருக்கும் தொழிலாளருக்கும் பயன்படுதலையே தம் கடனாகக் கொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போரின் பின் அரசாங்கப் பணம் ஆய்வுக்குப் பெருகிப் பாய்ந்ததும், வெளியீடு ஒன்றே புலமையின் அளவுகோலாயிற்று. இவ்வரலாற்றை நினைவூட்டிய பின், கண்டறிதல், ஒருங்கிணைத்தல், பயன்படுத்துதல், கற்பித்தல் எனப் புலமையை நான்காக வகுக்கின்றார் போயர். நான்கும் மதிக்கப்படல் வேண்டும் என்பது அவர் துணிபு.

மூன்றாவதாகிய பயன்படுத்துதல் பற்றி அவர் விதிக்கும் ஒரு வரையறை பாராட்டுக்குரியது. ஒருவர் நற்பிரசையாகச் செய்யும் தொண்டு வேறு, தம் துறையறிவினின்று பிறக்கும் தொண்டு வேறு என்கின்றார். கோயிற் பரிபாலன சபையில் இருக்கும் தாவரவியற் பேராசிரியர் நற்பணி செய்கின்றார். அதற்குப் பல்கலைக்கழகம் புள்ளி வழங்க வேண்டியதில்லை. அவரே கமக்காரரின் வயலில் இறங்கிப் பயிர்நோயை ஆராய்ந்து பரிகாரம் கூறுவாராயின், அது புலமையின்பாற்படும். இவ்வேறுபாட்டைக் கைவிட்டால், பொதுப்பணி என்ற பெயரில் எதுவும் உட்புகும். பின்னர் உண்மையான பணியும் மதிப்பிழக்கும்.

நூலிற் சிறந்த பகுதி, ஆக்கத்திறன் ஒப்பந்தம் என அவர் முன்வைக்கும் ஏற்பாடாகும். ஓர் ஆசிரியர் மூன்று தொடக்கம் ஐந்து ஆண்டுகளுக்குத் தம் புலமைப்பணி எத்திசையில் அமையும் என்பதை முன்கூட்டியே வகுத்துரைப்பார். அக்காலம் முடிந்ததும் வேறு திசைக்குத் திரும்பலாம். ஒருவரே எல்லாக் காலத்திலும் எல்லாப் பணியிலும் சிறத்தல் அரிது என்ற உண்மையை இவ்வேற்பாடு ஒப்புக்கொள்கின்றது. ஆயினும், ஒருவர் ஊர்ப்பணிக்குச் செல்லும்போது அவர் விட்டுச்செல்லும் விரிவுரைகளை யார் சுமப்பது? பெரும்பாலும் துறையில் இளையவரே சுமப்பர். இதற்கு வேண்டிய கற்பித்தற் பளுவின் பங்கீட்டையும் பதில் நியமனத்தையும் போயர் போதியவாறு ஆராயவில்லை.

அவருடைய பாகுபாட்டை இலங்கைப் பல்கலைக்கழக வாழ்வில் நிகழ்ந்த ஒன்றினைக்கொண்டும் உரைத்துப் பார்த்தல் தகும். பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு நாட்டுக்கூத்துக்குப் புத்துயிர் அளித்தார். வட்டக்களரியில் விடியுமட்டும் ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கி, நவீன மேடைக்கேற்பச் செப்பனிட்டு, மாணவரை ஆடவைத்தார். 1962 இற் கர்ணன் போரும், அதனைத் தொடர்ந்து நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்பனவும் மேடையேறின. இப்பணி போயரின் நான்கனுள் எதன்கண் அடங்கும்? பழைய பிரதிகளைத் தேடியமை கண்டறிதல். மாணவரைப் பயிற்றியமை கற்பித்தல். மேடைக்கமைத்தமையைப் பயன்படுத்துதல் எனலாம், ஆக்கம் என்பதே பொருந்தும். செயல் ஒன்று, அதனை நான்கு கூறாக்கிப் படிவத்தில் நிரப்புவோர்க்கு அதன் உயிர் அகப்படாது. மாதக்கணக்கான ஒத்திகை, ‘நாடகத் தயாரிப்பு, ஒன்று’ என ஒரு வரியில் ஒடுங்கிவிடும்.

இதனினும் பெரிய இடர்ப்பாடு உண்டு. இக்கூத்துகளின் ஆட்டமும் தாளமும் பல்கலைக்கழகத்தில் விளைந்தவை அல்ல. மட்டக்களப்பு அண்ணாவிமாரிடம் இருந்து வந்தவை. போயரும், பயன்படுத்தும்பொழுதே புதிய அறிவு பிறத்தல் கூடும் என்கின்றார். சேவை பெற்றோரின் மதிப்பீட்டையும் கோவையிற் சேர்க்கலாம் என்கின்றார். எனினும் அவர் நோக்கில் மக்கள் பெறுவோரே. இங்கே தந்தவர் அண்ணாவியார். பட்டத்தையே தகுதியாகக் கொள்ளும் நியமன விதி, பட்டமில்லாத ஆசானை எப்பதவியில் அமர்த்தும், எவ்வேதனம் வழங்கும் என்பது உத்தியோக நியமனம் பற்றிய வினா. அதற்குப் போயரின் நால்வகை விடை தருவதாயில்லை.

எண்ணிக்கையாற் பொதுப்பணியை ஊக்கலாம் என்ற நம்பிக்கையும் ஆராயற்பாலது. இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வகுத்த பேராசிரியர் பதவியுயர்வுத் திட்டத்திலே, ஆய்வு, கற்பித்தல் என்பவற்றோடு அறிவு பரப்பலுக்கும் தேசிய அபிவிருத்திக்கான பங்களிப்புக்கும் புள்ளிகள் ஒதுக்கப்பட்டன. ஐக்கிய இராச்சியத்திலோ, பல்கலைக்கழகங்களின் ஆய்வு மதிப்பீட்டில், வெளியுலகில் விளைந்த பயனுக்கு 2014 இல் நூற்றுக்கு 20 பங்கும் 2021 இல் 25 பங்கும் வழங்கப்பட்டன. உரையாற்றியமை மாத்திரம் ஆங்குப் போதாது. அதனால் விளைந்த மாற்றத்துக்குச் சான்று வேண்டும். ஆனால் அம்மதிப்பீடு நிறுவனத்தைச் சாருமேயன்றி ஆளுக்குப் பதவியுயர்வாக வந்து சேரும் என்ற உறுதி இல்லை. புள்ளி ஆளைச் சாருமிடத்தோ வேறொரு நோய் தோன்றும்: வானொலிப் பேச்சு இத்தனை, பொதுக்கூட்டம் இத்தனை எனச் சான்றிதழ் திரட்டுதலே பணியாகிவிடும். ஒரு கிராமத்துக்கு ஐந்து ஆண்டு தொடர்ந்து சென்றவரும் ஐந்து கிராமங்களில் ஒவ்வொரு முறை பேசியவரும் பட்டியலில் ஒரே உயரத்தில் நிற்பர்.

இவ்விடத்திற் போயரின் மறைவுக்குப் பின் அவர் உடனுழைத்தோர் 1997 இல் வெளியிட்ட தொடர்நூல் துணைபுரிகின்றது. தெளிந்த நோக்கம், தக்க ஆயத்தம், ஏற்ற முறை, குறிப்பிடத்தக்க பெறுபேறு, செவ்விய எடுத்துரைப்பு, தன்னாய்வு என ஆறு அளவைகளை அது கூறும். இவை எண்ணப்படுவன அல்ல. வாசித்து ஆராய்ந்து தீர்ப்பிடப்படுவன. ஆதலின், தெரிவுக்குழுவில் அமர்வோர்க்கு நேரமும் பயிற்சியும் வேண்டும். ஒரு பிற்பகலில் நீண்ட கோவைகள் பலவற்றைப் பார்த்து முடிக்கவேண்டிய குழு, கூட்டற்கணக்கையே நாடும்; அதனைக் குறைகூறுதலும் நீதியன்று.

போயரின் நூல் பேராசிரியர் பற்றியது. அதன் உபதலைப்பும் அவ்வாறே கூறுகின்றது. ஆனால் பொதுமக்கள் பல்கலைக்கழகத்துக்கு வரக்கூடிய வேளை மாலையும் வார இறுதியுமாகும். அவ்வேளையில் மண்டபத்தைத் திறந்துவைப்பவர் சிற்றூழியர். ஆசிரியரையும் மாணவரையும் கிராமத்துக்கு ஏற்றிச் சென்று நள்ளிரவில் மீள்பவர் சாரதி. கடிதங்களை எழுதி அனுப்புபவர் எழுதுவினைஞர். அவர்தம் மேலதிக நேர வேதனமும் ஈட்டு விடுமுறையும் பதிவாளர் அலுவலகத்து விதிகளிலே தங்கியுள்ளன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு மண்டபத் திறப்பு யார் கையில் இருக்கும் என்ற வினாவை, புலமை பற்றிய இச்சிறந்த நூல் எங்கும் எழுப்பவில்லை.